முட்டைக்கோசுக்குள் ஆந்தை

இலிங்காவுக்கு வெள்ளை வண்ணத்துப்பூச்சியைக் கண்டாலே ஆகாது. கோடை முழுக்கத் துடைப்பமும் கையுமாக அதை விரட்டினாள். முட்டைக்கோஸ் இலைகளைத் திருப்பித் திருப்பி மஞ்சள் முட்டைகளை நசுக்கினாள். சீரெத் ஆற்றங்கரையில் தன்னைப் போல் தோட்டம் பார்க்க ஆளில்லை என்பது அவள் நினைப்பு. ஊர் அதைத் திமிர் என்றது.

இந்த வருஷம் வேறு காரணமும் இருந்தது. பனிக்காலத்திலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவன் தொவாதெர் எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "புதுப் பீப்பாய்க் கோசு புளிக்கட்டும். அந்த இலையில கறி வெச்சுச் சுருட்டிக் குடு, சாப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

இலையுதிர்காலம் வந்ததும், கோசை உப்புநீரில் புளிக்கப் போடும் பீப்பாயைக் கழுவிவிட்டு முதல் கோசை வெட்டினாள். வெளியே கல் மாதிரி இருந்தது. உள்ளே துளை, பச்சைக் கழிவு, நாற்றம். அடுத்ததும் அப்படியே. தோட்டம் மொத்தமும் அப்படித்தான்.

வேலியோரம் வந்து நின்ற நாத்தனார் சாஃப்தா சும்மா இருக்கவில்லை. "புனித ட்ரீஃப் நாளன்னிக்குத் துணி தொவைச்சேல்ல? புழுவுக்கெல்லாம் எஜமான் அவரு. அன்னிக்கு நாங்க ஒரு கரண்டியக்கூடத் தொடல."

"உங்க தம்பி நனைச்ச துணி அண்ணி அது! அதுலயே படுத்துக் கெடன்னு விட்டுடணுமா?"

சாஃப்தா தன் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு இலிங்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

புழு ஒன்றைப் புட்டியில் போட்டு, டவுனில் பயிர் மருந்துக் கடை வைத்திருக்கும் கமேலியாவிடம் கொண்டுபோனாள். கமேலியா பென்சில் நுனியால் தொட்டதும் புழு சுருண்டது.

"இது அந்த வெள்ளப் பூச்சியோடது இல்லம்மா. கோசு ஆந்தைன்னு சொல்லுவோமே, அதோட புழு. பழுப்பு அந்துப்பூச்சி. முன் றெக்கையில அவரை விதை மாதிரி ஒரு தடம், ஓரத்துல வெள்ளைக் கோடு. பகல்ல வேலிக்கட்டையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ராத்திரி வந்து இலைக்கு அடியில கூட்டமா முட்டை வெச்சிட்டுப் போயிடும். புழு சின்னதா இருக்கறப்ப இலையத் திங்கும். வளந்துட்டா நடுவுல தொளச்சு நுழைஞ்சிடும்."

வேலிக்கட்டையில் அந்தப் பழுப்புப் பூச்சிகளை அவள் பார்த்திருக்கிறாள். பாவம், தூங்கட்டும் என்று விட்டிருக்கிறாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய முடியாதும்மா. உள்ள போறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்."

யாஷி நகர ஆஸ்பத்திரியில் தொவாதெரைச் சோதித்த டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார். பேர் சொல்ல மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு அழுகை வந்தது.

வீட்டில் தொவாதெர் விழித்திருந்தான். "கல்லு வைக்கிற சத்தம் இன்னும் கேக்கலியே?"

"இதோ வைக்கிறேன்."

கோசை அமுக்க வைக்கும் ஆற்றுக்கல்லைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். காலிப் பீப்பாயின் மூடிமேல் அதை வைத்தாள். டொம்மென்று வீடு முழுக்கக் கேட்டது. வருஷா வருஷம் அந்தக் கல்லை வைத்தவன் அவன்தான். நிறைந்த பீப்பாய் எப்படிக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

அவள் மேலே வந்தபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா நெறஞ்சிருக்கு போல" என்றான்.