நாற்பது கழுத்துப்பட்டிகள்

போன கிழமை பழைய மாணவர் சங்கத்தின் வாட்சப் குழுவில் ஒரு படம் வந்தது. மூன்று வரிசையில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், நடுவில் மாலையோடு லண்டன் பெரியப்பா. 'எங்கள் கல்லூரியின் செல்வங்கள்' என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தில் நிற்கும் நாற்பத்தொரு பிள்ளைகளில் அந்தக் கல்லூரியில் படித்தது நான் ஒருத்திதான். இதைக் குழுவில் எழுதலாமா என்று யோசித்தேன். அப்பாவும் அதில் இருக்கிறார், பிரஷர்காரர். விட்டுவிட்டேன்.

கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் முதலாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றே பெயர் வைப்பார்கள். எங்களுடையது வலிகாமத்தில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடமும் ஒரு கிணறும்தான் மொத்தச் சொத்து. வாசலில் மட்டும் வெளிநாட்டுக் காசில் கட்டிய பெரிய வளைவு. என் ஐந்தாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர். எட்டாம் வகுப்பில் ஒருவருமில்லை.

ஊரில் பிள்ளைகள் இல்லாமலில்லை. காலையில் இரண்டு வான்கள் எங்கள் ஒழுங்கைக்குள், அந்த ஒடுங்கிய தெருவுக்குள், வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கொக்குவிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும். கேட்டால், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்புச் சரியில்லை என்பார்கள். தெற்கு ஒழுங்கைப் பிள்ளைகள் வந்து சேரத் தொடங்கிய வருடத்திலிருந்துதான் அந்தப் படிப்புச் சரியில்லாமல் போனது என்பதைச் சொல்லமாட்டார்கள். தெற்கு ஒழுங்கையார் எங்கள் தோட்டங்களில் கூலிவேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் அவர்கள் தேத்தண்ணீர் குடிக்கத் தனிக் குவளை இருந்தது. ஆனால் சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. அவ்வளவு பண்பான குடும்பம்.

நான் மட்டும் அங்கே படித்ததற்குக் காரணம் அப்பா. அவர் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். செயலாளரின் ஒரு பிள்ளையாவது அங்கே படிக்காவிட்டால் ஊர் என்ன கதைக்கும்? அண்ணன் ஆண்பிள்ளை, அவனுடைய படிப்பில் விளையாட முடியாது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று என்னை நேர்ந்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. தர்சிகா இருந்தாள்.

தர்சிகா தெற்கு ஒழுங்கைக்காரி. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள். கல்லூரிக் கீதத்தின் மூன்று பத்திகளையும் கடதாசி பார்க்காமல் பாட அங்கே அவளைத் தவிர ஆளில்லை, அதிபரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு இரண்டாம் பத்தி எப்போதும் தடக்கும். தடக்கிய இடத்தில் அவள் சொல்லை எடுத்துத் தருவாள்.

அந்த வருடம் லண்டன் பெரியப்பா ஊருக்கு வருவதாக இருந்தது. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எங்கள் கல்லூரியின் பழைய மாணவர். மாடிக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன் பிள்ளைகளைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அன்றைக்குக் கீதம் பாடுவது தர்சிகா என்று அதிபர் முடிவு செய்தார். ஒரு மாதமாக அவள் அதே நினைப்பாகத் திரிந்தாள். அவளுடைய அம்மா புது வெள்ளை ரிபன் வாங்கி வைத்திருந்தார். மேடை என்று ஒன்றில் அவள் அதற்குமுன் ஏறியதேயில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு எல்லாற்றை ரையையும் கழட்டி வாங்கிக்கொண்டு வா பிள்ளை. விழாவுக்குக் கழுவித் தரப்போறம் எண்டு சொல்லு.”

“விழா ஞாயிற்றுக்கிழமையெல்லோ அப்பா?”

“திங்கக்கிழமைக்கு மாத்தியாச்சு எண்டு சொல்லு.”

நாட்டில் எல்லா அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரே வெள்ளைச் சீருடை. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று காட்டிக்கொடுப்பது ரை என்கிற கழுத்துப்பட்டி மட்டும்தான். இது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது வகுப்புத் தலைவி என்ற மிடுக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வகுப்பு வகுப்பாகப் போய் நாற்பது கழுத்துப்பட்டிகளையும் ஓர் உரப்பையில் சேர்த்தேன். தர்சிகா தன்னுடையதை நான்காக மடித்துத் தந்தாள். ஓரம் கிழிந்து, பச்சை நூல் கிடைக்காமல் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

“கவனம். துலைச்சுப் போடாதை. உது இல்லாட்டி என்னைப் பாட விடமாட்டினம்.”

“ஓம் ஓம்” என்றேன்.

ஞாயிறு காலை அந்த இரண்டு வான்களும் முதல்முறையாக எங்கள் கல்லூரி வாசலில் வந்து நின்றன. மச்சாள்மார், மச்சான்மார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று நாற்பது பேர் இறங்கினார்கள். அப்பா வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கழுத்துப்பட்டி கொடுத்தார். அதிபருக்கும் மாடிக் கட்டடம் வேண்டும், அவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டார். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்களே, அந்தக் காரியத்தை எங்கள் சங்கம் தீர்மானம் போட்டுச் செய்தது. சிவப்பு நூல் தைத்த கழுத்துப்பட்டி என் சின்ன மச்சாளின் கழுத்துக்குப் போனது.

ஒலிபெருக்கி கட்டினால் தெற்கு ஒழுங்கைக்கும் கேட்கும் என்பதைச் செயலாளர் யோசிக்கவில்லை. பத்து மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அவசரத்தில் உடுத்த வெள்ளைச் சட்டைகள், வெறும் கழுத்துகள். தர்சிகாவின் தலையில் புது ரிபன் இருந்தது. வாசலில் நின்ற சித்தப்பா கையை நீட்டி மறித்தார்.

“ரை இல்லாமல் உள்ளை விடேலாது. கல்லூரி ஒழுங்கு.”

அந்த விதியைக் கொண்டுவந்ததும் அப்பாதான். அவர்கள் வேலியோரமாகப் போய் நின்றார்கள்.

பெரியப்பா நெகிழ்ந்துபோயிருந்தார். தான் படித்த காலத்தில்கூட இத்தனை துப்புரவான பிள்ளைகள் இருக்கவில்லை என்றார். பிறகு கல்லூரிக் கீதத்தைக் கேட்க வேண்டும் என்றார். நாற்பது பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். நாற்பது பேருக்கும் வேறு கீதங்கள்தான் தெரியும். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போய்த் தொடங்கினேன்.

இரண்டாம் பத்தியில் வழக்கமான இடத்தில் தடக்கியது. என்ன செய்தும் அந்தச் சொல் வரவில்லை. வேலிப் பக்கமிருந்து வந்தது. தர்சிகா அந்தச் சொல்லை எடுத்துத் தந்து, நான் பிடித்துக்கொள்ளும்வரை ஒரு வரி கூடவே பாடினாள். வகுப்பில் செய்வதைப் போலத்தான் செய்தாள்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். “ஆர் அது, நல்லாப் பாடுறது?”

“உது வெளி ஆக்கள் அண்ணை. எங்கடை பிள்ளையளில்லை” என்றார் அப்பா.

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. நான் மூன்றாம் பத்தியை இன்னும் உரத்துப் பாடினேன். கைதட்டல் எனக்குத்தான் கிடைத்தது. பிறகு படம் எடுத்தார்கள். கட்டடமும் வந்தது. அதன் மேல்மாடியில் இன்றைக்கும் வகுப்பு எதுவும் நடப்பதில்லை, இருத்தப் பிள்ளைகள் வேண்டுமே.

திங்கட்கிழமை நான் உரப்பையைக் கொண்டுபோய்க் கழுத்துப்பட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன். தர்சிகா ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. கழுத்துப்பட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். மச்சாளின் பவுடர் மணம் அதில் இருந்தது.

“கழுவித் தாறன் எண்டனீ. கழுவேல்லை.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விழா நாளைப் பற்றி நான் சொன்னது பொய்தான். கழுவுவதைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. அதை நிறுவிவிட வேண்டும் போலிருந்தது.

“கழுவினது. வெள்ளிக்கிழமையே கழுவியாச்சு. மச்சாளவைக்குக் குடுக்க முதல் அம்மா சுடுதண்ணியிலை அவிச்சு, சவுக்காரம் போட்டு ரெண்டு தரம் கழுவினவ.”

தர்சிகாவுக்கும் பத்து வயதுதான், ஆனால் விளங்கிவிட்டது. கழுத்துப்பட்டியைப் போடாமல் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்வரிசை வாங்குக்குப் போனாள். தை மாதம் நான் வானில் ஏறிப் பட்டணத்துக்குப் போகும்வரை அவள் என் பக்கத்தில் வந்து இருக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முறைப்பட்டேன். அவ்வளவு பாடுபட்டுக் கழுவிக் கொடுத்தும் அவள் ஒரு நன்றி சொல்லவில்லை என்று.