செவ்தாக்கா சோஃபியாவுக்குப் போய் வருகிறாள்

செவ்தாக்கா இந்நேரம் சோஃபியா போகும் வழியில் பெர்னிக் நகரைத் தாண்டிக்கொண்டிருப்பாள். கண்கள் மூடியிருக்கின்றன. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருக்கின்றன. முதுகு இருக்கையோடு ஒட்டிக் கிடக்கிறது. கார் மட்டும் ஸ்பாஸின் பழைய கார் விற்பனைத் திடலில், நேற்று நின்ற அதே இடத்தில், அரை அங்குலம் நகராமல் நிற்கிறது. அதன் சாவி ஸ்பாஸின் சட்டைப்பையில் இருக்கிறது. நான் வெளியே வெயிலில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு நிற்கிறேன்.

பழைய கார் வாங்க வருகிறவர்கள் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பார்கள். எஞ்சின் மூடியைத் திறந்து தெரிந்த மாதிரி தலையை ஆட்டுவார்கள். செவ்தாக்காவுக்கு அதெல்லாம் கிடையாது. ஏறுவாள், "போயிட்டு வந்துர்றேன்" என்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் ஊரிலிருந்து தலைநகர் சோஃபியாவுக்கு ஹைவேயில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பாள். பாதியில் பிளாஸ்கைத் திறந்து லிண்டன் பூத் தேநீர் ஒரு வாய் குடிப்பாள். அது பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திய கணக்காம். பிறகு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் வளைந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். இதுவரை சொன்னதெல்லாம் ஒரே தீர்ப்புத்தான், காரணம் மட்டும் மாறும்.

"தொடைக்கு அடியில ஒண்ணுமே இல்லடி, அந்தரத்துல தொங்குது" என்று ஒரு பிரெஞ்சுக் காரைத் தள்ளினாள். இன்னொன்றில் தலை சாய்க்கும் திண்டு பிடரியில் கை வைத்துத் தள்ளுகிறதாம். ஒரு ஜப்பான் கார் எனக்கே ஆசையாக இருந்தது. இருக்கை மெத்தென்று இருந்தது, விலையும் அடக்கம். அதிலிருந்து இறங்கியவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "யாரோ ஒரு பொம்பள அழுதுக்கிட்டே ஓட்டின வண்டி. சீட்டுல தெரியுது" என்றாள். ஸ்பாஸ் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

இந்தக் கூத்துக்கு நான் எதற்குத் துணை என்று கேட்பீர்கள். தலையெழுத்துத்தான். நாங்கள் இருவரும் சோஃபியாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவள் இஸ்திரி இயந்திரத்தில் நாள் முழுக்க நின்று முதுகைக் கெடுத்துக்கொண்டவள். நான் அழுக்குத் துணியை எண்ணி வாங்குகிறவள். வருடக்கணக்காக என் காரில்தான் போய் வந்தோம். நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் இருந்து ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பாள். எனக்கு முன்னால் ஒரு டிரக் ஆமையாய் ஊர்ந்தால் பொறுக்காது, பிறவிக் குணம். அந்தக் குணத்தைச் சாலைக் கேமராக்கள் விடாமல் படம் எடுத்ததில், தப்புக்கு இத்தனை என்று வெட்டி வெட்டி என் லைசென்ஸில் இருந்த புள்ளிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மாதக் கடைசியில் அதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அப்புறம் ஆறு மாதம் நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஓட்ட முடியாதவளுக்கு வண்டி எதற்கு என்று என் மகன் அன்றைக்கே காரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். பெற்ற பிள்ளை!

முதல் பேருந்தைப் பிடித்தால் சலவைக்கூடத்தில் பாதி வேலை முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். ஆக, செவ்தாக்கா கையில் இருக்கும் நாலாயிரம் யூரோவுக்குள் ஒரு காரை வாங்கி ஓட்டினால் இரண்டு பேருக்கும் வேலை உண்டு. இல்லையென்றால் இருவரும் உள்ளூர்ப் பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குக் கையுறை தைக்கப் போக வேண்டியதுதான். ஓய்வூதியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இப்படி ஆகலாமா? இதை அவளிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அவசரப்பட்டு வாங்கினா அல்லல்தான் வெலிச்கா" என்று என் பெயரைச் சொல்லி இழுப்பாள். என் இரத்தம் கொதிக்கும்.

கார் கிடைக்காத ஊரா என்றால் அதுவும் இல்லை. எங்கள் ஊரில் ரொட்டிக் கடையைவிடக் கார்க் கடை அதிகம். சாலையின் இரு பக்கமும் கொடி கட்டித் திடல் திடலாக நிறுத்தியிருப்பார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த எந்தக் காரை எட்டிப் பார்த்தாலும் மீட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டும். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி, வந்து இறங்கியதும் கார்களுக்கு வயது குறைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரு ஜெர்மன் தாத்தா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டிப் போயிருப்பார். அத்தனை தாத்தாவும் நிஜம் என்றால் அங்கே சர்ச்சுக்குள் நிற்க இடம் இருக்காது. ஸ்பாஸ் என்னோடு படித்தவன் என்பதால் என்னிடம் இந்தக் கதையை அளப்பதில்லை. ஆனால் செவ்தாக்கா அவனுக்கு வைத்த சோதனையைப் போல் எந்த வாத்தியாரும் வைத்ததில்லை.

அதிலும் இந்தச் சத்தப் பரீட்சை இருக்கிறதே! ஹைவேயில் தினமும் இரைச்சலைக் கேட்டால் மூளை குழம்பிவிடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடியை எல்லாம் ஏற்றிக்கொண்டு அவள் உள்ளே இருப்பாள். நான் வெளியே நின்று கத்த வேண்டும். முதல் இரண்டு கார்களுக்கு ஏதோ ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினேன். பிறகு மனதில் இருப்பதையே கத்திவிடலாமே என்று தோன்றியது. ஒரு நீல நிறக் காரின் ஜன்னலில் வாயை வைத்து, நீ என் உயிரை வாங்கப் பிறந்தவள், உனக்கு மாட்டுவண்டிகூடத் தேறாது, உன்னைப் பெற்றார்களா செய்தார்களா என்று பாடித் தீர்த்தேன். பக்கத்துத் திடலில் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் நிதானமாகக் கண்ணாடியை இறக்கினாள்.

"மாட்டுவண்டி வரைக்கும் கேட்டுச்சு. இது வேணாம்டி."

இதற்கு நடுவில் அவள் புருஷன் மெத்தோதி வேறு. அவன் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் இடையே டிரக் ஓட்டுகிறவன். வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் தங்கினால் அதிகம். பார்க்கிற ஒவ்வொரு காரின் படமும் அவனுக்குப் போகும், அவனிடமிருந்து உத்தரவு வரும். ஹைவே என்றால் டீசல்தான் வாங்க வேண்டும் என்றான். டீசலைப் பார்த்தால் இந்த டீசல் ஆகாது என்றான். ஆட்டோமேட்டிக் கியர் கெட்டால் சொத்தை விற்க வேண்டும் என்றான். ஒரு நாள் செவ்தாக்கா போனை என் காதில் வைத்தபோது நானே கேட்டுவிட்டேன், கடைசியில் எதைத்தான் வாங்கச் சொல்கிறீர்கள் என்று.

அவன் சிரித்தான். "எதை வாங்குனா என்ன? மொதல்ல அவளை வண்டியை வாசல் தாண்டி எடுக்கச் சொல்லும்மா, பாப்போம்."

அப்புறம்தான் அவன் வாயிலிருந்தே விஷயம் வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு முறை ரயில்வே கேட்டில் செவ்தாக்கா வண்டியை நிறுத்திவிட்டாள். அது திரும்பக் கிளம்பவில்லை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. மெத்தோதி இறங்கிச் சுற்றி வந்து, அவளைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்திவிட்டுத் தான் உட்கார்ந்தான். எங்கள் கார்களில் ஸ்டியரிங் இடப் பக்கம்; அன்றைக்கு வலப் பக்கம் நகர்ந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். முதலில் அவன் பக்கத்தில், பிறகு என் பக்கத்தில். லைசென்ஸ் மட்டும் சுத்தமாக இருக்கிறது. ஓட்டினால்தானே கறை படும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை கார்களில் ஏறி இறங்கினாளே, ஒன்றுக்காவது சாவி கேட்டாளா? ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஸ்பாஸ் கெஞ்சும்போதெல்லாம் "எல்லாக் காரும் ஓடத்தான்டா செய்யும், உக்கார்றதுதான் கஷ்டம்" என்று தத்துவம் பேசினாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். தொடையும் பிடரியும் அழுத பொம்பளையும் எல்லாம் சாக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பயம் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போன சனிக்கிழமைகளை எல்லாம் என் காரிலேயே ஓட்டிப் பழகியிருக்கலாம். வெயிலில் நின்று கத்திய தொண்டையாவது மிஞ்சியிருக்கும். மெத்தோதி மேலும் ஆத்திரம் வந்தது. அவன் தூரத்தில் இருந்தான், தப்பித்தான்.

லைசென்ஸை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை. ஸ்பாஸின் திடலில் சாம்பல் நிறத்தில், பின்பக்கம் நீண்ட கார் ஒன்று வந்திருந்தது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. இருக்கை அகலம், பெடல்கள் கால் எட்டும் தூரம், விலையும் பேசினால் படியும் போலிருந்தது. செவ்தாக்கா வழக்கம்போல ஏறிச் சோஃபியாவுக்குப் போய் வந்தாள். இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். குற்றம் தேடுகிறாள், கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அந்தக் கண்ணாடிகிட்ட ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தாள்.

நான் ஸ்பாஸிடம் கையை நீட்டினேன். அவன் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தான். ஓடிப்போய்த் தற்காலிக நம்பர் பலகையையும் கொண்டுவந்து மாட்டினான். நான் சுற்றிப் போய் வலப் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவை அறைந்து சாத்திவிட்டு, சாவியை அவள் மடியில் போட்டேன். இன்றைக்கு நிஜமாகவே போகிறோம், நீ கிளப்பாவிட்டால் நான் இறங்கமாட்டேன், ராத்திரிக்கும் இங்கேயே இருப்பேன், ஸ்பாஸ் நம் இருவரையும் சேர்த்து விற்றுக்கொள்ளட்டும் என்றேன்.

அவள் சாவியைத் தொடவில்லை. "எனக்குப் பயமா இருக்குடி" என்றாள்.

இத்தனை வாரம் கழித்து வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். ஆனால் இளகினால் அவள் இறங்கிவிடுவாள்.

"பயந்துக்கிட்டே ஓட்டுக்கா. யாரு வேணாம்னா?"

ஸ்பாஸ் நல்ல சகுனத்துக்காகக் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து காரின் முன்னால் ஊற்றினான். மொத்தப் பாட்டிலையும் ஊற்றினான் பாவம்.

திடலைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை நின்றது. ஊர் முனையில் ஒரு முறை. பின்னால் ஹாரன் அடித்தவனை நான் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கவனித்துக்கொண்டேன். அந்த வேலைக்கு லைசென்ஸ் தேவையில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் கிளப்பினாள். கிளம்பியது. ஹைவேயில் ஏறினோம்.

அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்ல? முதுகு, முதுகு என்று எங்கள் எல்லோர் உயிரையும் எடுத்தவள், இருக்கையின் நுனியில், முக்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள். மூக்குக்கும் முன்கண்ணாடிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. தலைத் திண்டு, தொடைத் தாங்கல், முதுகு மெத்தை எல்லாம் பின்னால் அநாதையாகக் கிடக்கின்றன. இப்படி உட்காரத்தானா இத்தனை காரைப் பார்த்தோம்? ஒரு பலகை போதுமே! கத்த வாயெடுத்தேன். ஸ்டியரிங்கில் அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும்.

கிரீஸிலிருந்து வரும் டிரக்குகள் எங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஒவ்வொன்று தாண்டும்போதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அப்படியே போய் ஒரு வெங்காய டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டோம். எங்களையே மெதுவாகப் போகவைக்கும் டிரக் ஒன்று உலகத்தில் இருந்தது. மேட்டில் ஏறும்போது முனகியது, புகையைக் கக்கியது, வெங்காயத் தோலை எங்கள் மேல் பறக்கவிட்டது. என் கால் துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மேடு போனது, ஒரு வளைவு போனது, ஒரு பாலம் போனது.

செவ்தாக்காதான் முதலில் பேசினாள்.

"இவன் என்னடி இப்படி உருட்டிக்கிட்டே போறான்?"

நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும். அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கியது. அது நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வண்டி இடப் பக்கம் நகர்ந்தது, எஞ்சின் உறுமியது, டிரக்கின் சக்கரங்கள் என் ஜன்னல் உயரத்துக்குப் பக்கத்தில் சுழன்றன. அவள் ஏதோ முணுமுணுத்தாள். வேண்டுதலா வசவா என்று தெரியவில்லை. டிரக்கின் முகம் பின்னால் போனது. திரும்ப வலப் பக்கம் வந்தோம். முன்னால் சாலை காலியாகக் கிடந்தது.

செவ்தாக்காவின் தோள்கள் இறங்கின. விரல்களில் இரத்தம் திரும்பியது. சுடுதண்ணீரில் கால் வைக்கிறவளைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் தன் முதுகை இருக்கையில் சாய்த்தாள்.