மேடம் வீட்டுக்காரர்

தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருந்த கரீம் பாட்சாவுக்குத்தான் தேர்தலில் நிற்க ஆசை. பத்து வருஷம் கட்சிக்காகக் கொடி கட்டினார். வாய்ப்பு கனிந்த நேரத்தில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

"நீ பேருக்கு நில்லு புள்ள. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று மனைவி நஜ்முன்னிசாவைச் சம்மதிக்க வைத்தார்.

அவள் ஜெயித்தாள். முதல் மூன்று மாதம் மனு வாங்கியதும் அதிகாரிகளிடம் பேசியதும் அவர்தான். ஒருநாள் குடிதண்ணீர் விஷயமாக வார்டு ஆபீசில் அவர் வாயைத் திறந்ததும் நஜ்முன்னிசா குறுக்கிட்டாள்.

"மச்சான், நீங்க செத்த வெளிய இருங்க. அந்தச் சந்துல எத்தன வீடுன்னு ஒங்களுக்குத் தெரியாது."

வராந்தா பெஞ்சிலிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். இந்தியும் மராட்டியும் கலந்து அவள் விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது. இத்தனை வருஷமும் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்ற திகைப்பும் வந்தது. அதன்பின் அவர் அவளோடு ஆபீசுக்குப் போகவில்லை.

அடுத்த தேர்தலில் வார்டு பொதுவாகிவிட்டது. அப்போதும் கட்சி அவளைத்தான் கேட்டது. அவரை ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. தெருவில் அவர் 'மேடம் வீட்டுக்காரர்' ஆனார். டீக்கடையில் உட்கார்ந்தால் பழைய கூட்டாளி ஷாகுல் ஹமீதுகூடப் பேச்சை நிறுத்திவிட்டு, மேடத்திடம் சொல்லச் சொல்லி ரேஷன் கார்டை நீட்டினான். மகள் சஃபீனா கல்யாணமாகி உல்லாஸ்நகர் போனபின், மூடிவைத்த சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

அறுபத்திரண்டு வயதில் வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்குக் கூட வருவதாக நஜ்முன்னிசா சொல்லியிருந்தாள். அன்று காலை வார்டில் ஒரு சுவர் இடிந்து விழுந்தது.

"நீ அங்க போ. நான் போய்க்கிடுதேன்" என்றார். அவள் ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

குர்லா ஆஸ்பத்திரியில் கூட யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, யாருமில்லை என்றார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கோகிலவாணி அவருக்கும் டீ வாங்கி வந்தாள்.

"தாராவியா அண்ணாச்சி? எங்க தங்கச்சி அங்கதான். அவ சந்துக்குத் தண்ணி வந்ததே ஒங்க மேடத்தாலதான். எப்பக் கூப்பிட்டாலும் வந்து நிப்பாவளாமே?"

"ஆமா" என்றார் கரீம் பாட்சா. தான் யாரென்று சொல்லவில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்து வீடு திரும்பியபோது நஜ்முன்னிசா இருந்தாள். புடவைக் கரையில் இன்னும் சுண்ணாம்புத் தூசி. அவரைப் படுக்கவைத்துக் கண்ணில் மருந்து விட்டாள்.

"வலிக்கா மச்சான்?"

"இல்ல. அங்க என்னாச்சு?"

"சுவத்துக்கடியில சிக்கி ரெண்டு பேரு மவுத்து." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே தடவி அவள் கையைப் பிடித்தார். போன் அடித்தது.

"அஞ்சு நிமிஷம் கண்ணத் தொறக்காதீங்க" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அவள் பேசிக்கொண்டே ஏணிப்படி இறங்குவதைக் கேட்டபடி, மூடிய கண்ணோடு அவர் படுத்திருந்தார்.