கூடப் பிறந்தவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற எங்கள் மலைக்கிராமத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. பூண்டு எடுத்து முடித்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். பள்ளிக்கூடத்தில்தான் முகாம். டாக்டர்களுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் சமைக்கிற வேலையை நானும் இன்னும் சில பெண்களும் எடுத்துக்கொண்டோம்.

காலையிலேயே பக்கத்து ஊரிலிருந்து என் அண்ணன் ஜீப்பில் வந்து இறங்கினான். கூடவே என் தம்பிகள் இருவரும். பிறந்த வீட்டு ஆட்கள் மொத்தமாக வந்து நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் தலைகால் புரியும்? உப்புமாவில் நெய்யைத் தாராளமாகவே ஊற்றினேன். மூவரும் சாப்பிட்டுவிட்டு வரிசையில் போய் நின்றார்கள். கண்ணாடி வாங்க வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா வந்து, "நீங்க கண்ணு பாக்கலையாக்கா?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க, இந்த வெளிச்சத்துலயும் ஊசியில நூல் கோத்துருவேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அண்ணன் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு நான் தோளை இடித்துக்கொள்ளாத கதவு எங்கள் வீட்டில் இல்லை. வலப்பக்கம் வருகிற ஆள் கிட்டே வந்த பிறகுதான் தெரிவார். "நடக்கையில கவனம் எங்க கெடக்கு?" என்று வீட்டுக்காரர் சத்தம் போடுவார். நேரே பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. போன வருடம் ஒருநாள் இடது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கையால் பொத்தியபோது எதிரே இருந்த தோட்டமே காணாமல் போயிற்று. வலது கண்ணில் அநேகமாக ஒன்றும் தெரியவில்லை.

மலையிறங்கி வத்தலக்குண்டில் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இடது கண்ணையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வலிக்காமலே பார்வையைப் பறிக்கிற நோயாம். குடும்பத்திலும் தொடருமாம். கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆமாத்தா, எனக்கு இருக்கே. கூடப் பொறந்தவங்களையும் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதான் அன்னைக்குத் தம்பிகளக் கூட்டிக்கிட்டு ஒங்க ஊருக்கு வந்தேன்."

"நானும் கூடப் பொறந்தவதானண்ணே?"

"நீ கட்டிக்குடுத்த பிள்ளையாச்சேத்தா. அந்த வீட்ல பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்" என்றான்.

இது என் பிறந்த வீட்டு நோய். புகுந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்? நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு நின்றவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கழுவுகிற பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். சின்னத் தம்பிக்கு அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்து விட்டுக்கொண்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறான். நன்றாக இருக்கட்டும். ஆனால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் கெட்டவன் இல்லை. பொங்கல் சீரை ஒரு வருடம்கூட நிறுத்தாதவன். சீர் கொடுக்க மட்டும் நான் அவன் கூடப் பிறந்தவள்.

பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளைத்தான் முதலில் வத்தலக்குண்டுக்கு வரச்சொன்னேன். "அவ வீட்டுக்காரங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் பஸ் ஏறினேன். மகளுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

மாமாவை மன்னித்துவிட்டாயா என்று திரும்பும் வழியில் மகள் கேட்டாள். இருக்கிற ஒரு கண்ணுக்குத் தினமும் மருந்து விடும்போது நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன், "இல்லை" என்றுதான் இன்றுவரை மனது சொல்கிறது.