திரும்பி வந்த கப்பலுக்குத் தங்கப் பூச்சு

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கல்யாணவீடு என்று எது நடந்தாலும் மேடை அலங்காரம் நான்தான். பெண்பிள்ளையைச் சிப்பிக்குள் இருத்தி மண்டபத்துக்குள் இழுத்து வரவேண்டுமா, அன்னத்தில் ஏற்றவேண்டுமா, சொன்னால் போதும். றெஜிஃபோம் என்ற தெர்மாகோல் அட்டையை வெட்டி, ஒட்டி, தங்கப் பூச்சு அடித்துவிடுவேன். அதனால் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கப்பல் வேண்டும் என்றபோது, இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்தேன்.

அவளுக்கு அது சிரிப்பாக இல்லை. போன தவணை வகுப்பின் முன்னால் நின்று பேசவேண்டிய நாளில் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் சிரிக்க, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். இந்த முறை உலகத்தைச் சுற்றி வந்த ஒரு ஸ்பெயின் மாலுமியைப் பற்றிப் பேசவேண்டும். பயணத்தைத் தொடக்கிய தலைவன் வழியில் செத்துப்போக, கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தவராம் அவர். கப்பல் பக்கத்தில் இருந்தால் பேசிவிடுவேன் என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்?

என் அலங்காரக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் நான்கு நாள் மினக்கெட்டேன். பாய்க்குச் சிவப்புப் பட்டு. ஓரமெல்லாம் முத்துமாலை. முன்னுக்கு அன்னத்தின் கழுத்து. தங்கம் இரண்டு தடவை. மனைவியும் மகளும் பார்க்க வந்தார்கள்.

“இஞ்சாருங்கோ, இதுக்குள்ள கல்யாணப் பொம்பிளையை எங்கை இருத்தப்போறியள்?” என்றாள் மனைவி.

மகள் பிரெஞ்சில் படபடவென்று தொடங்கினாள். தமிழில் சொல்லடி என்றேன்.

“அப்பா, அஞ்சு கப்பல் போனது. ஒண்டுதான் சுத்தி வந்தது. அதுதான் இது. மூண்டு வருசம் கடலிலை. எல்லாம் ஓட்டை. ஆக்கள் பசியிலை தோலை ஊறவைச்சுத் திண்டவை.”

“அதுக்கு?”

“உடையுங்கோ.”

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் தொழிலில் முறிந்த பொருள் ஒன்றை மேடையில் வைத்தது கிடையாது. ஒரு விளக்கு அணைந்தாலே முன்வரிசை மாமிமார் முகம் சுளிப்பார்கள். “திரும்பி வந்தவனை ஆலாத்தி எடுத்து வரவேற்கிறதோ, கிழிச்சுப்போட்டு வரவேற்கிறதோ? ஒரு முத்தும் கழட்டமாட்டன்!” என்று கத்தினேன்.

“அப்ப நான் பேசேல்லை” என்றாள் மகள். கண் கலங்கிவிட்டது.

அந்தக் கோபத்தோடேயே, கப்பலையும் தூக்கிக்கொண்டு மூவரும் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். கார் து நோர் ரயில் நிலையம், பின்னேரம் ஆறு மணி. எங்கள் லா கூர்னெவ் பக்கம் போகும் ரயிலுக்குள் சனம் அடைந்து கிடந்தது. கப்பலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கதவு மூடும் நேரம் ஒருவன் பாய்ந்து ஏறினான், அன்னத்தின் கழுத்து போயிற்று. இன்னொருவனின் முதுகுப்பை இடித்துப் பாய் கிழிந்தது. பாய்மரம் முறிந்தது. பாதித் தங்கம் ஒரு பெரியவரின் கறுப்பு மேல்கோட்டில். நான் “பர்தோன், பர்தோன்” என்று மன்றாட, முத்தெல்லாம் சனத்தின் காலுக்குள் உருண்டது. இறங்கியதும் தொங்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்தேன். விடிவதற்குள் திருத்தித் தருகிறேன் என்றேன்.

மகள் கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “தொடாதேங்கோ அப்பா! இதுதான்!”

மிச்சப் பாய் பழசாய்த் தெரிய மனைவி தேயிலைச் சாயம் ஊற்றினாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கப்பலைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியை என்னைப் பின்வரிசையில் இருக்கச் சொன்னார். மகள் முன்னால் போய் நின்றாள். கண்ணை நிலத்திலிருந்து எடுக்கவில்லை. ஐயோ, திரும்பவும் அதே கதையா?

பிறகு முறிந்த பாய்மரத்தில் கையை வைத்தாள். தொடங்கினாள் பாருங்கள்! புயல், பசி, நோய், சண்டை, ஒன்றும் விடவில்லை, பிரெஞ்சில் விளாசித் தள்ளினாள். கடைசியில் விரலை என் பக்கம் நீட்டி, பசியில் செத்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்கு என் அப்பா முத்துமாலையும் அன்னமும் வைத்தவர் என்று போட்டாள் ஒரு போடு. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவள் அவள்தான்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்றாலும் அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று எழும்பி நின்று, அன்னத்தின் கழுத்து எவ்வளவு நீளம் என்று இரண்டு கையாலும் காட்டினேன்.