நோரத்மல் கொண்டு சேர்க்காத பத்திரிகை

நோரத்மல்லின் வண்டியில் பதினோரு வருஷமாக முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். அவர் ஓட்டுவார், நான் பேசுவேன். பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள். டெல்லியில் ஏற்றி, ஆக்ரா, ஃபத்தேபூர் சிக்ரி, ரண்தம்போர் புலிக்காடு, எங்கள் ஜெய்ப்பூர், புஷ்கர் ஏரி என்று ஒன்பது நாள் சுற்றிக் காட்டிவிட்டு மறுபடி டெல்லியில் இறக்கிவிட வேண்டும். எந்த ராஜா எந்த வருஷம் யாரை வெட்டினான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பாமலே சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் புகார் செய்கிறார்.

நோரத்ஜிக்கு ராஜாக்கள் மேல் அக்கறை இல்லை. எந்த வாசலில் நிறுத்தினால் நிழல் இருக்கும், எந்த டாபாவில் டீயில் இஞ்சி நிறையப் போடுவார்கள், இதுதான் அவர் படித்த சரித்திரம். ஊர்களெல்லாம் அவருக்குள் கலந்து கிடந்தன. அதிகாலையில் மூடுபனிக்குள் வண்டி போகும்போது, முன்னால் சாலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அந்த வெள்ளைக்குள், மெதுவாக ஆரம்பிப்பார்.

"மேடம்ஜி, நேத்துக் கனவுல தாஜ்மகால் படியில புலி படுத்திருந்துச்சு. பக்கத்துலயே புஷ்கர் ஏரி. ஜனங்க புலியத் தாண்டித் தாண்டிப் போய் முங்கிட்டு வர்றாங்க."

"புலி ஒண்ணும் பண்ணலையா?"

"எல்லாரும் டிக்கெட் வாங்கிட்டுதானே வந்திருக்காங்க? எப்படிப் பண்ணும்?"

இவ்வளவு கனவு கண்டவர் நிஜப் புலியைப் பார்த்ததே இல்லை. காட்டுக்குள் காட்டிலாகா ஜீப்தான் போகும். எங்கள் வண்டி வெளியே நிற்கும், இவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். டோங்க் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினேழு வயதில் ஜெய்ப்பூருக்கு வந்து பஸ் கழுவியவர். கழுவிய பஸ்ஸையே ஓட்டக் கற்றார். கல்யாணமாகி ஒரே பெண், மன்பர். அவள் ஒன்பதாவது படிக்கும்போது மனைவி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு 'பாபுசா', அதாவது அப்பா, என்றால் ஒன்பது நாள் இல்லாமல், இரண்டு நாள் இருந்து, மறுபடி ஒன்பது நாள் இல்லாமல் போகிற ஆள்.

எங்கள் தெருவில் நோரத்ஜிக்கு வேறொரு மரியாதை உண்டு. எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை ரண்தம்போர் கோட்டைக்குள் இருக்கிற மூன்று கண் பிள்ளையாருக்குத்தான். பூசாரி அதை அவர் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகுதான் மாமனுக்கும் சித்தப்பனுக்கும். தபாலிலும் போடலாம், தபால்காரர் மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏறுகிறார். எங்கள் தெருவுக்குத் தபால் வேண்டாம். 'நோரத் போறாரே, கையில கொடுத்தாத்தானே கூப்பிட்ட மாதிரி' என்பார்கள். கோவில் ஜீப்பில் போய்க் கொடுத்துவிட்டு வருவார், அந்த வழியிலும் புலி எதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை. இருபது வருஷமாக அவர் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று நாங்களெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோம்.

மன்பருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் தௌசா ஊரில் கல்யாணம் ஆனது. எட்டே மாதத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். யாரும் அடிக்கவில்லை, வரதட்சணை கேட்கவில்லை. "எனக்கு அங்க மூச்சு முட்டுது" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தெரு சும்மா இருக்குமா? நாக்கில் நரம்பில்லாமல் பேசியது. இந்தத் தை மாதம் சம்பந்தி வீட்டார் வசந்த பஞ்சமி அன்று வந்து பெண்ணை அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நோரத்ஜி சரி என்றுவிட்டார்.

"அவகிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"அவளுக்கு என்ன தெரியும் மேடம்ஜி? சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணுன்னா எதுக்குக் கட்டிக் கொடுத்தீங்க?"

சாலையைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஆக்ரா கோட்டையில் ஷாஜகானை இரண்டு தடவை சாகடித்துவிட்டேன்.

அந்தப் பயணத்தில் பின்னால் ஹாலந்துக்கார அக்காளும் தங்கையும் இருந்தார்கள். இருவருக்கும் புலி பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் போனால் போகிறது. ஃபத்தேபூர் சிக்ரி தாண்டியதும் வண்டியில் ஹார்ன் நின்றுபோனது. எங்கள் ஊர்ச் சாலையில் பிரேக் இல்லாமல்கூட ஓட்டிவிடலாம், ஹார்ன் இல்லாமல் முடியாது. எருமையும் டிராக்டரும் குறுக்கே வரும்போதெல்லாம் நோரத்ஜி தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே பரத்பூர் வரை ஓட்டினார். அக்காள் தங்கை அதையும் வீடியோ எடுத்தார்கள்.

பரத்பூரில் மெக்கானிக் டேஷ்போர்டைக் கழற்றினான். எலி கடித்த ஒயரை இழுத்தவன், கூடவே ஒரு கவரையும் இழுத்தான். மஞ்சள் நூல் சுற்றி, குங்குமம் வைத்து ஒட்டிய கவர். மேலே அழகான கையெழுத்தில் ரண்தம்போர் பிள்ளையாரின் விலாசம். தெருவிலேயே நல்ல கையெழுத்து மன்பருடையது. அவளே விலாசம் எழுதி, அவளே ஒட்டிக் கொடுத்த அவள் கல்யாணப் பத்திரிகை.

நோரத்ஜி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே அங்கே கிடந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். தெருக்காரர்கள் கொடுத்ததையெல்லாம் கட்டாகக் கட்டி வைத்தவர், சொந்தப் பெண்ணுடையது என்று இதை மட்டும் தனியாக, டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அது இடுக்கில் நழுவிவிட்டது. பத்திரிகைக் கட்டைக் கோட்டையில் கொடுத்தவர் இதையும் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

"கூப்பிடவே இல்ல மேடம்ஜி," என்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "ஊர்ல இருக்கறவன் வீட்டுக்கெல்லாம் கூப்பிட்டுட்டு, என் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவே இல்ல. எம் பொண்ணு வாழ்க்கை அதான் இப்படி ஆச்சு."

"உங்க பிள்ளையார் என்ன பந்தியில இடம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்ட மாமனா? எழுந்திருங்க."

எழுந்தார். ஆனால் முகம் மாறிவிட்டது. "நாளன்னிக்கு ரண்தம்போர்தானே? கையோட கொடுத்துடறேன். லேட்டானாலும் கூப்பிட்டதுதானே? வசந்த பஞ்சமிக்கு முன்னால அவர் காதுல விழுந்துட்டா எல்லாம் சரியாயிடும். அவ போய் நல்லா இருப்பா."

நான் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும். அழுகிற மனிதரிடம் என்ன பேசுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை காலை அக்காளையும் தங்கையையும் புலி பார்க்கிற ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் கோவிலுக்குப் போகிற ஜீப்பில் பத்துப் பேரோடு நெருக்கி உட்கார்ந்தோம். பனி மரங்களின் இடுப்பு வரை நின்றது. எங்கேயோ ஒரு மயில் அகவியது. வளைவில் ஜீப் நின்றது. வலது பக்கப் புதரிலிருந்து புலி இறங்கி, நடுச்சாலைக்கு வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்து, பனிக்குள் கரைந்து போனது. அவ்வளவு பெரிய உடம்புக்குச் சத்தமே இல்லை.

"பார்த்தீங்களா நோரத்ஜி? பார்த்தீங்களா?"

கவரை மார்போடு அணைத்துக்கொண்டு கண்களை இறுக மூடியிருந்தார். "இன்னிக்கு முதல்ல அவர் முகத்தத்தான் பார்க்கணும் மேடம்ஜி," என்றார். அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கோட்டைப் படிகள் ஈரமாக இருந்தன. கீழே தாமரைக் குளத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. இடிந்த மாடங்களில் குரங்குகள் வெயிலுக்காகக் காத்திருந்தன. எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் நாங்கள் நோரத்ஜியின் கனவுக்குள் ஏறுவது போலவே இருந்தது.

சன்னதியில் பூசாரிக்குப் பக்கத்தில் பத்திரிகைகள் மலை மாதிரி குவிந்திருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே ராகத்தில், மூச்சு விடாமல் படித்துக்கொண்டிருந்தார். நோரத்ஜியின் கவரை வாங்கினார்.

"தேதி தாண்டிப் போச்சே அண்ணா? ரெண்டு வருஷம் ஆச்சே?"

"படிங்க மகராஜ். என் தப்புதான்."

பூசாரி பெண் பெயர், பிள்ளை பெயர், முகூர்த்தம் எல்லாவற்றையும் படித்தார். பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு நோட்டுத் தாள் வந்தது. அதையும் பிரித்து அதே ராகத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"கணேஷ்ஜி, மன்பர் எழுதறேன். இந்தக் கல்யாணத்துக்கு நீங்க தயவுசெஞ்சு வராதீங்க. நீங்க வந்தா நடந்துடும்..." பூசாரியின் ராகம் உடைந்தது. நிமிர்ந்து நோரத்ஜியைப் பார்த்தார். ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்த முடியாமல், மீதியைப் பூசாரி சாதாரணக் குரலில் படித்தார். "எனக்கு இது வேணாம். பாபுசாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். அவருக்குக் கேக்கல. உங்க காது பெருசு."

பின்னால் வரிசை தள்ளியது. யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். பூசாரி தாளை மடித்தார். "இதை என்ன பண்ணட்டும் அண்ணா? உள்ள வைக்கவா?"

"வைங்க," என்றார் நோரத்ஜி. "அவருக்குத்தான் எழுதியிருக்கா."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அவர் முதலில் தௌசாவுக்குப் போன் போட்டார். "பஞ்சமிக்கு வர வேணாம் சம்பந்தி. எம் பொண்ண அனுப்பறதா இல்ல. நீங்க என்ன திட்டணுமோ திட்டுங்க, நான் கேட்டுக்கறேன்." அவர்கள் திட்டினார்கள். முழுவதையும் கேட்டார். பிறகு மகளுக்குப் போட்டார். ஓட்டிக்கொண்டே பேசிப் பழகியவர், எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"பாபுசா? சாப்பிட்டீங்களா?"

"கோவில்ல இருக்கேன்மா. உன் லெட்டர இப்பதான் படிச்சாங்க."

"இப்பவா?" என்றாள். "நான் ரெண்டு வருஷமா அவர் மேல கோவமா இருக்கேன். தெரிஞ்சே வந்துட்டாருன்னு."

"அவரு மேல தப்பில்ல. எங்கிட்டதான் கிடந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவங்கள வர வேணாம்னு சொல்லிட்டேன். நீ எங்கயும் போகல." பிறகு கேட்டார். "எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னியாம்மா? எப்ப சொன்ன?"

"போன்ல. நீங்க வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க. 'ம்'னீங்க. ரெண்டு தடவையும் 'ம்'தான்."

நோரத்ஜி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஓட்டலம்மா," என்றார். "சும்மாதான் உக்காந்திருக்கேன். சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுந்து, குரல் எட்டாத தூரத்துக்கு, பத்துப் படி கீழே போய் உட்கார்ந்தேன்.