பூக்காத சோளம்

என் அம்மா புல் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னால் பள்ளியில் சிரிப்பார்கள். தீவனப் பயிர் விஞ்ஞானி என்று திருத்துவேன், அதற்கும் சிரிப்பார்கள். ஒரகடம் பக்கத்து விவசாயிகளோ அவளை டாக்டரம்மா என்று அழைத்தார்கள். அந்தப் பட்டத்தை நம்பிக் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டவர்களும் உண்டு.

1991இல், மழை ஏமாற்றிய ஒரு பருவம். வாலாஜாபாத் சாலையோரம் ஒரு குடும்பத்துக்கு அம்மா புதுத் தீவனச் சோளம் விதைக்கக் கொடுத்திருந்தாள். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். "பூ வர்ற வரைக்கும் அறுக்காதீங்க. இளசுல விஷம் இருக்கும்" என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது, அவர்களுடைய கறவை மாடு வேப்பமரத்தடியில் செத்துக் கிடந்தது. வயலில் ஒரு மூலை அறுபட்டிருந்தது. மிச்சமிருந்த பயிரில் எங்கும் பூ இல்லை.

அந்த வீட்டு அக்கா கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது ஓய்ந்த முகம்.

"இன்னா டாக்டரம்மா, தீனின்னு சொல்லி இத்தயா குட்த்தீங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அறுக்காதீங்கன்னு அம்மா சொன்னாங்க இல்ல?" என்றேன். அம்மா என் தோளை அழுத்தினாள்.

"சொன்னாங்கதான். வைக்கோல் தீந்துபோச்சு. மாடு ரா முச்சூடும் கத்திக்கினு கெடந்துச்சு. இன்னாத்த போடறது?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மாட்டின் அருகே உட்கார்ந்தாள். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தப்பு என்னுதுதான்" என்றாள் கடைசியில். "பூ வர்ற வரைக்கும் மாட்டுக்கு என்ன போடுவீங்கன்னு நான் கேட்டிருக்கணும்."

ஆட்கள் குழி வெட்டிப் புதைத்து முடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். கிளம்பும்போது அந்த அக்கா எங்களுக்கு மோர் கொடுத்தார். முந்தின நாள் பாலில் ஆன மோர் அது.

அடுத்த பருவத்தில் அம்மா அதே வயலில் சோளத்துக்கு நடுவே காராமணியும் போடச் சொன்னாள். காராமணியை இளசாக அறுத்துப் போட்டாலும் மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. விதையை அந்த அக்காதான் தூவினார்.

ஆனால் மாட்டைப் புதைத்த அன்று திரும்பும்போது பேருந்தில் நான் அம்மாவுடன் பேசவில்லை. சரியாகச் சொன்னவள் எதற்காகத் தலைகுனிய வேண்டும்? அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, வழியில் வந்த ஒவ்வொரு வீட்டின் வைக்கோல்போரையும் பார்த்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.